சீசன் பணத்தைக் கொண்டு வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது எப்படி?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, சென்ற ஆண்டு புதிதாக வீடு கட்டிக் குடிவந்த இளம் தம்பதிக்கு எல்.கே.ஜி. படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. கணவர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். தாய்வீட்டுப் பங்காக அவருக்கு அரை ஏக்கர் தேயிலையும் உண்டு. ஒரு மழை நாள் மாலையில் வங்கி கொடுத்த தவணை அட்டவணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வந்தார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள் என்பதும், 20 ஆண்டுக்கு வாங்கிய எங்கள் வீட்டுக் கடனை நானும் என் கணவரும் 13 ஆண்டில் முடித்தோம் என்பதும் அவர்கள் வந்ததற்குக் காரணம். அன்று அவர்களிடம் சொன்னவற்றையும், சொல்ல மறந்து பிறகு நினைவுக்கு வந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்டவணையைப் படியுங்கள்

அவர்கள் வாங்கிய கடன் 25 லட்சம் ரூபாய். வட்டி 9 சதவீதம். காலம் 20 ஆண்டு. மாதத் தவணை 22,493 ரூபாய். முதல் மாதத் தவணையில் 18,750 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 3,743 ரூபாய்தான். இருபது ஆண்டும் தவறாமல் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 54 லட்சம் கட்டியிருப்பார்கள். அதில் 29 லட்சம் வட்டி. அட்டவணையில் 144-வது வரிக்கு விரலை நகர்த்தி, பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் நிற்கும் பாக்கியைக் காட்டினேன். 15,35,000 ரூபாய்க்குச் சற்று மேல். "அக்கா, பன்னிரண்டு வருஷம் கட்டின பிறகும் பாதிக்கு மேல பாக்கியா?" என்று அந்தப் பெண் கேட்டார். ஆம், அப்படித்தான். பாக்கி அசலின் மீதே வட்டி கணக்கிடப்படுவதால், அசல் பெரிதாக இருக்கும் தொடக்க ஆண்டுகளில் நாம் கட்டுவதில் பெரும்பகுதியை வட்டி தின்றுவிடுகிறது.

முன்கூட்டிக் கட்டும் பணத்தின் வலிமையும் இதே காரணத்தால்தான் தொடக்கத்தில் மிக அதிகமாக இருக்கிறது. முதலாம் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் ரூபாயை அசலில் கட்டி, மாதத் தவணையை மாற்றாமல் விட்டால், கடைசியில் 22 தவணைகள் குறைகின்றன. அதாவது கட்டிய ஒரு லட்சத்தைக் கழித்துப் பார்த்தாலும் நான்கு லட்சம் ரூபாய் மிச்சம். அதே ஒரு லட்சத்தைப் பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் கட்டினால் ஒன்பது தவணைகூட முழுதாகக் குறையாது; மிச்சமும் ஒரு லட்சத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய செலவு.

பணம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

வீட்டுக் கடன் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. "மாதம் ஐயாயிரம் கூடுதலாகக் கட்டுங்கள்" என்பது நகரத்தில் வேலை பார்ப்பவருக்கு நடக்கும். நீலகிரியில் வருமானம் மாதக் கணக்கில் ஓடுவதில்லை. சீசன் கணக்கில் ஓடுகிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு ஏப்ரல், மே மாதங்களில் உறங்க நேரமிருக்காது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையோடு வண்டி வாசலிலேயே நிற்கும். பூஜை விடுமுறையில் மீண்டும் சுறுசுறுப்பு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் இன்னொரு சிறு அலை. தேயிலைக்கு வேறு நாள்காட்டி: கோடை மழைக்குப் பின் கொழுந்து நன்றாக வரும், பனிக்காலத்தில் உறைபனி விழுந்த தோட்டத்தில் கொழுந்து கருகி, தொழிற்சாலைக்குப் போகும் இலை பாதியாகக்கூடக் குறையும். பச்சைத் தேயிலை விலையும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. சம்பளக்காரருக்குத் தீபாவளி போனஸ் ஒரே தடவைதான்.

எனவே ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஒவ்வொரு மாதத்திலும் சென்ற ஆண்டு உண்மையில் கையில் வந்த பணத்தை ஒருபுறமும், அந்த மாதத்துக்கே உரிய பெரிய செலவை மறுபுறமும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பதி எழுதிய காலண்டரில் ஒரு விஷயம் உடனே கண்ணில் பட்டது. மே மாதம் வந்த சீசன் பணம், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்திலும், வண்டியின் இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவிலும், மழைமாத வீட்டுச் செலவிலும் கரைந்து, ஆகஸ்டில் நகைக் கடன் வைக்கும் நிலையில் முடிந்திருந்தது. அந்த நகைக் கடன் வட்டியைக் கணக்கில் சேர்த்தால், நல்ல சீசன் என்று அவர்கள் நினைத்த அந்த ஆண்டு உண்மையில் சுமாரான ஆண்டுதான்.

இதற்கு நான் சொன்ன வழி, சீசன் பணத்தை அது வரும்போதே பங்கு பிரிப்பது. மே 31 அன்று உட்கார்ந்து, முதலில் பள்ளிக் கட்டணத்தையும் வண்டிச் செலவையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். அடுத்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாத வருமானத்தில் எவ்வளவு துண்டு விழும் என்று காலண்டரைப் பார்த்துக் கணக்கிட்டு, அந்தத் தொகையை வேறொரு சேமிப்புக் கணக்கில் போட வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதை, சிறியதோ பெரியதோ, அந்த வாரத்திலேயே அசலில் கட்டிவிட வேண்டும். ஒரு வாரம் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிச்சப் பணம் ஜூன் இரண்டாம் வாரம் வரை வீட்டில் இருந்தால், அதற்கு உறவில் ஒரு விசேஷமோ, புதிய தொலைபேசியோ எப்படியோ தேடி வந்துவிடும். பூஜை விடுமுறை முடிந்ததும், தீபாவளி போனஸ் வந்ததும் இதே பங்கு பிரிப்பு.

அவர்கள் கணக்கில், நல்லதும் கெட்டதுமாகச் சராசரியாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் மிஞ்சும் என்று வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த 50,000 அசலில் ஏறினால், 20 ஆண்டுக் கடன் 14 ஆண்டுக்குள் முடிந்துவிடுகிறது. வட்டியில் பத்து லட்சத்துக்கு மேல் மிச்சம். சீசன் வருமானம் எதுவுமின்றி இருவரும் மாதச் சம்பளத்தில் இருக்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு ஒருமுறை சம்பளம் உயரும்போது மாதத் தவணையையும் 5 சதவீதம் உயர்த்திக் கட்டுவது எளிது. அதே கடன் அவ்வழியில் ஏறத்தாழ 12 ஆண்டில் முடியும். ஆனால் பன்னிரண்டாம் ஆண்டில் தவணை 38,000 ரூபாயைத் தாண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் நிலையில்லாத வீட்டில் தவணையை உயர்த்திக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. தவணை கட்டாயம், கூடுதல் தொகை நம் விருப்பம்.

கட்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் அளவுக்குப் பணம் தனியே இல்லாமல் அசலில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள். அசலில் கட்டிய பணத்தைச் சாதாரண வீட்டுக் கடனில் திரும்ப எடுக்க முடியாது. 2020-இல் சுற்றுலா முற்றிலும் நின்றபோது மலையில் எத்தனை வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன என்பது நமக்குத் தெரியும். அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் இருக்க ரிசர்வ் வங்கி வழிவிட்டபோதும், வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அடுத்தது, வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் வட்டி போகும். தனிநபர் கடனும் தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்றும் வீட்டுக் கடனைவிட விலை கூடியவை. இவை இருக்கும்போது வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டுவது, ஓட்டைக் குடத்தை விட்டுவிட்டு நல்ல குடத்துக்குப் பூச்சுப் பூசுவது போலாகும்.

காப்பீடு இரண்டு தேவை. கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் காப்பீடு (குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), சம்பாதிக்கும் இருவர் பேரிலும் இருக்கட்டும். வங்கியில் கடனோடு சேர்த்து விற்கப்படும் ஒற்றைப் பிரீமியக் காப்பீட்டில், அந்தப் பிரீமியமும் கடனில் ஏறி 20 ஆண்டு வட்டி கட்டவைக்கும் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது, வீட்டுக்கான காப்பீடு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண்சரிவைப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிரிஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியில் மண்சரிவும் வெள்ளமும் அடங்கும். சரிவில் கட்டிய வீட்டுக்குத் தடுப்புச் சுவரும் சேர்த்துக் காப்பீடு ஆகிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கியில் எப்படிக் கட்டுவது

பணத்தைக் கட்டுவதைவிட, அது எந்தக் கணக்கில் எப்படி ஏறுகிறது என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடன் வாங்கிய இரண்டாம் ஆண்டு, தீபாவளி போனஸில் 40,000 ரூபாயைக் கடன் கணக்கு எண்ணைப் போட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம். அடுத்த மாதம் தவணை பிடிக்கப்படவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பணம் மிச்சமாகிறதே என்று வண்டிக்கு இரண்டு டயர் மாற்றினோம். மார்ச்சில் கணக்கு விவர அறிக்கையை வாங்கிப் பார்த்தபோதுதான், நாங்கள் கட்டியது 'முன்பணத் தவணை' என்று பதிவாகி, வரவேண்டிய தவணைகளுக்கே நேர்செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. கவுன்டரில் இருந்த இளைஞர் நல்லவர், "அசலில் கழிக்கணும்னு லெட்டர் கொடுத்தீங்களாக்கா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஆகவே பணம் கட்டும் அன்றே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அதில் இவ்வளவு எழுதினால் போதும்: "எனது வீட்டுக் கடன் கணக்கில் இன்று செலுத்தும் ரூ. 50,000 முழுவதையும் அசலில் கழித்து, மாதத் தவணைத் தொகையை மாற்றாமல், தவணைக் காலத்தைக் குறைத்து, திருத்திய அட்டவணையைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதில் 'தவணைக் காலத்தைக் குறைத்து' என்பது உயிரான சொல். அதைச் சொல்லாவிட்டால் சில இடங்களில் காலத்தை அப்படியே வைத்து மாதத் தவணையைக் குறைத்துவிடுவார்கள். மாதம் சில நூறு ரூபாய் குறைவது கைக்குச் சுகமாக இருக்கும், கடன் முடியும் தேதியோ அசையாது. இணையவழியாகக் கட்டும்போதும் 'பகுதி முன்செலுத்துதல்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தோமா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்துத் திருத்திய அட்டவணையை வாங்கி, பாக்கி அசலையும் கடைசித் தவணைத் தேதியையும் பழைய அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு அப்படி எதுவும் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்கான புதிய விதிகளும் அதையே இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. பணம் எங்கிருந்து வந்தது என்பதும், கடன் வாங்கி எத்தனை மாதமாயிற்று என்பதும் தடையாகாது. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

மேலே சொன்ன தம்பதிக்கு ஓவர்டிராஃப்ட் முறையிலான வீட்டுக் கடன் முதலிலேயே பொருத்தமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதில் சீசன் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வைத்தால், அது அங்கே இருக்கும் நாள்வரைக்கும் அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. மழை மாதத்தில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வட்டி சற்றுக் கூடுதல், எடுத்துச் செலவழிக்கும் சபலமும் கூடுதல். செலவில் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

வட்டி ஏறும்போதும் இறங்கும்போதும்

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகளில் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதத்தோடு, கட்டப்பட்டவை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. 2025-இல் படிப்படியாக இறங்கி, டிசம்பரில் 5.25-க்கு வந்தது. ஏறும்போது வங்கிகள் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டுவது வழக்கம். அது சலுகை போலத் தோன்றும். 7 சதவீதத்தில் புதிதாக வாங்கிய 25 லட்சம் ரூபாய்க் கடனுக்குத் தவணை 19,382 ரூபாய். வட்டி 9 சதவீதமாகி, தவணை அப்படியே நின்றால், கணக்குப்படி கடன் முடிய 38 ஆண்டு ஆகும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவின்படி, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

இறங்கும்போது தலைகீழாகச் செய்யுங்கள்: தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். நம் தம்பதியின் வட்டி தொடக்கத்திலேயே 9-லிருந்து 7.75-க்கு இறங்கி, அவர்கள் அதே 22,493 ரூபாயைக் கட்டிவந்தால், வேறெதுவும் செய்யாமலே மூன்றரை ஆண்டு குறைகிறது. புதிதாக வருகிறவர்களுக்குத் தரும் வட்டியைவிட உங்கள் வட்டி அதிகமாக இருந்தால், முதலில் உங்கள் வங்கியிலேயே சிறு கட்டணம் கட்டிக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். வேறு வங்கிக்கு மாற்றுவது அதற்குப் பிறகுதான்; வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், அடமான ஆவணத்தை மறுபடி பதியும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, பாக்கிக் காலம் நீளமாக இருந்தால் மட்டுமே அது கட்டுப்படியாகும்.

வருமான வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருங்கள் என்பவர்களுக்கு ஒரு பத்தி போதும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய வரி முறையில் கழிவே இல்லை. 2025-26 முதல் அந்த முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியும் இல்லை. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக்குக் கழிவு உண்டு என்றாலும், 30 சதவீத வரி கட்டுபவர்கூட ஒரு ரூபாய் வட்டி கட்டி முப்பது காசைத்தான் மிச்சம் பிடிக்கிறார்.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்ததும் வேலை முடியவில்லை. பாக்கி இல்லை என்ற சான்றை வாங்குங்கள். கடன் முழுதும் அடைபட்ட 30 நாளுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. கடன் வாங்கும்போது கொடுத்த ஆவணப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தை எண்ணி வாங்குங்கள். எங்களுக்கு வரைபடத்தின் இரண்டாம் தாள் இல்லாமல் வந்தது. மறுபடி வாங்க மூன்று முறை ஊட்டிக்குப் போய்வந்தோம்.

பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் வாங்கியபோது பதிந்த உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்துக்கு, கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது ஆவணம் பதிய வேண்டும். வங்கி அதிகாரி வந்து கையெழுத்திட வேண்டியிருப்பதால் தேதியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பதிந்தபின் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்து, ரசீதுப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஆவணங்கள் வீட்டுக்கு வந்ததும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பிறகு முத்திரையையோ கையெழுத்தையோ சரிபார்க்க வேண்டியபோது அது தொல்லையாகும். இங்கே மழைமாத ஈரத்தில் மர அலமாரிக்குள் துணியே பூசணம் பிடிக்கும். எங்கள் பத்திரங்களை எவர்சில்வர் டப்பாவில், மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் நாலைந்தோடு வைத்து, சமையலறைப் பரணில், அடுப்புச் சூடு எட்டும் பக்கமாக வைத்திருக்கிறோம். வெயில் அடிக்கும் ஜனவரியில் ஒருமுறை எடுத்து விரித்து, நிழலில் காற்றாட வைத்து, மறுபடி மூடிவிடுகிறேன்.